இருபது சதவீதம் என்றால் எவ்வளவு?

அமெரிக்க மத்திய அரசு திட்டங்களுக்குத் தருகிற நிதிதான் ஃபெடரல் கிராண்ட். அந்த கிராண்ட் வேலையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஒஹாயோவில் பதினைந்து வருடமாக அந்த வேலையில் இருக்கும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள் நான். எச்-4 என்கிற சார்பு விசாவில் வந்து எட்டு வருடம் வீட்டிலேயே இருந்தேன். இப்போது வேலை செய்ய அனுமதி அட்டை, இஏடி, கைக்கு வந்துவிட்டது. என் மகளின் சிநேகிதியுடைய அம்மா கிராண்ட் விண்ணப்பம் எழுதுகிற கிராண்ட் ரைட்டர். "நீதான் நன்றாக எழுதுவாயே, இதற்கு வா" என்கிறார். ஃபெடரல் கிராண்ட் என்றாலே எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்க?
– வாசகி, டல்லாஸ்

நன்றாக எழுத வரும் என்பது நல்லதுதான். ஆனால் அதை மட்டும் நம்பி இந்த வேலைக்கு வராதீர்கள். நான் அம்பாசமுத்திரத்துக்காரி, பி.காம். 2010-இல் ஹெட் ஸ்டார்ட் நடத்துகிற ஓர் அமைப்பில் வாரம் இரண்டு நாள் ஃபைல் அடுக்கப் போனேன். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான பாலர் கல்வித் திட்டம் அது, 1965 முதல் நடக்கிறது. அங்கிருந்த மேலாளர் அம்மாள் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஒருநாள் காலையில், கிராண்ட்டுக்கு விண்ணப்பம் கேட்டு அரசு வெளியிட்ட 78 பக்க அறிவிப்பு ஒன்று, ஒரு பென்சில், ஒரு ஸ்கேல், மூன்றையும் என் மேசையில் வைத்தார். "‘மஸ்ட்’ என்று வருகிற இடத்திலெல்லாம் கோடு போடு. வேறு ஒன்றும் செய்யாதே."

மதியச் சாப்பாட்டுக்குள் 119 கோடு விழுந்தது. அந்த 119-ஐயும் வரிசையாக ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று இரண்டு கட்டம் போடச் சொன்னார். அதில் எழுத்துத் திறமை தேவைப்பட்ட இடம் இருபதுகூட இல்லை. மீதியெல்லாம் கையெழுத்து, சான்று, பட்ஜெட், ஒப்பந்தக் கடிதம், வரைபடம்.

அந்த அறிவிப்பைத்தான் எங்கள் தொழிலில் நோஃபோ என்கிறோம். முதல் பக்கத்திலிருந்து நாவல் மாதிரிப் படித்துக்கொண்டு போகாதீர்கள். யார் விண்ணப்பிக்கலாம் என்ற பகுதிக்கு முதலில் போங்கள். அதில் உங்கள் அமைப்பு இல்லையென்றால் அங்கேயே மூடி வைத்துவிடலாம், ஒரு வாரம் மிச்சம். அடுத்து, சொந்தப் பங்கு ஏதாவது போட வேண்டுமா என்று பாருங்கள். அதற்கடுத்தது கடைசித் தேதி, அதில் எந்த ஊர் நேரம் என்பது. கிழக்கு நேரம் இரவு 11:59 என்று போட்டிருந்தால் டல்லாஸில் உங்களுக்கு 10:59 தான்.

அப்புறம் மதிப்பெண் அட்டவணை. பெரும்பாலும் நூற்றுக்குத்தான் போடுவார்கள்: தேவைக்கு இத்தனை, திட்ட வடிவத்துக்கு இத்தனை, ஆட்களுக்கு இத்தனை, பட்ஜெட்டுக்கு இத்தனை. பத்தாம் வகுப்பில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மார்க் என்ற ப்ளூ பிரிண்ட்டை வைத்துக்கொண்டு படித்தோமே, அதே புத்திதான் இங்கேயும். பத்து மார்க் பகுதிக்குக் கண்ணீர் வரவழைக்கிற மாதிரி ஏழு பக்கம் எழுதிவிட்டு, முப்பது மார்க் பகுதியை இரண்டு பக்கத்தில் அடைக்கிறவர்களில் பாதிப் பேர் உங்களை மாதிரி நன்றாக எழுதத் தெரிந்தவர்கள். பக்க வரம்பைத் தாண்டினால் தாண்டிய பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

வேலை கற்றுக்கொள்ள ஒரு குறுக்கு வழி உண்டு. உங்கள் ஊரில் ஃபெடரல் பணம் வாங்குகிற ஓர் அமைப்புக்குப் போய், விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். வாங்கிய பணத்தில் என்ன நடந்தது என்று அரசுக்கு அனுப்புகிற அறிக்கை எழுத ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். விண்ணப்பம் எழுத நூறு பேர் வருவார்கள், அறிக்கைக்கு ஒருத்தரும் வர மாட்டார். போன வருடம் யாரோ உற்சாகத்தில் "200 குடும்பங்களைச் சந்திப்போம்" என்று எழுதியிருப்பார். 140-தான் முடிந்தது என்று நீங்கள் விளக்கம் எழுதுவீர்கள். அப்படி இரண்டு தடவை விளக்கம் எழுதியவள் அடுத்த விண்ணப்பத்தில் எண்ணைப் போடும்போது கை தானாக நிதானிக்கும்.

கூடவே, பிடித்த திட்டத்தின் அடையாள எண்ணான அசிஸ்டன்ஸ் லிஸ்டிங் எண்ணை எடுத்து யுஎஸ்ஏ ஸ்பெண்டிங் தளத்தில் தேடிப் பாருங்கள். ஹெட் ஸ்டார்ட்டுக்கு 93.600. முதல் இரண்டு இலக்கம் எந்தத் துறை என்று சொல்லிவிடும்: 93 சுகாதாரம் மனித சேவை, 84 கல்வி, 10 வேளாண்மை. யாருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்பது அங்கே பகிரங்கமாக இருக்கிறது. கொஞ்சம் அனுபவம் வந்ததும் மதிப்பீட்டாளராகப் பெயர் கொடுங்கள். சில துறைகள் சிறு மதிப்பூதியமும் தரும். அடுத்தவர் எழுதிய விண்ணப்பங்களுக்கு உட்கார்ந்து மார்க் போட்டபோதுதான், என் எழுத்தில் மதிப்பீட்டாளர் எந்த இடத்தில் கொட்டாவி விட்டிருப்பார் என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் தமிழ்ப் பள்ளி 501-சி-3, அதாவது லாப நோக்கில்லாத வரிவிலக்கு அமைப்பாகப் பதிவு பெற்றது. 160 பிள்ளைகள் படிக்கிறார்கள். ஃபெடரல் கிராண்ட் வாங்க சாம் டாட் கவ் தளத்தில் பதிய வேண்டும் என்கிறார்கள். பதிந்து தர ஒரு நிறுவனம் 700 டாலர் கேட்கிறது. கொடுக்கலாமா?
– பொருளாளர், மிச்சிகன்

ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பதிவு இலவசம். பதிந்தால் யூஇஐ என்று 12 எழுத்து-எண் கொண்ட அடையாளம் கிடைக்கும். முன்பு இருந்த டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக 2022 ஏப்ரல் 4 முதல் இதுதான். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், அதுவும் இலவசம். புதுப்பிக்கச் சொல்லி அரசாங்கக் கடிதம் மாதிரியே மின்னஞ்சல் வரும், அடியில் கட்டணம் கேட்டிருக்கும். அதை அழித்துவிடுங்கள்.

தமிழ்ப் பள்ளிகள் மாட்டிக்கொள்வது பெயரில். வரித்துறையான ஐஆர்எஸ் கடிதத்தில் ஒரு பெயர், மாநிலப் பதிவில் "இன்க்" சேர்த்து ஒரு பெயர், வங்கியில் பழைய சங்கத்தின் பெயர், "தமிழ்" என்பதற்கு மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டல். தளம் இதை ஏற்காது. முகவரி அதைவிடத் தொல்லை. அஞ்சல் பெட்டி எண்ணை இருப்பிட முகவரியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய பொருளாளரின் வீட்டு முகவரியில் பள்ளி "இருக்கும்", அவரோ இந்நேரம் டெக்சாஸில் இருப்பார். முதலில் எல்லாத் தாள்களிலும் பெயரையும் முகவரியையும் ஒன்றாக்குங்கள். அதற்கே ஒரு மாதம் பிடிக்கலாம்.

ஆனால் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. 160 பிள்ளைகளுக்கு வாடகை வகுப்பறையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்துகிற பள்ளிக்கு நேரடி ஃபெடரல் கிராண்ட் தேவையா? என் கருத்து: வேண்டாம். கணக்கு வைக்க முழுநேர ஆள் இல்லாத இடத்துக்கு அது வந்தால் வகுப்பெடுக்கிற அம்மாக்கள் தாள் நிரப்பும் அம்மாக்களாகிவிடுவார்கள். மாநிலக் கலை மன்றத்துக்குப் போங்கள். தேசியக் கலை நிதியம் தன் கிராண்ட் பணத்தில் 40 சதவீதத்தை மாநில, வட்டாரக் கலை அமைப்புகளுக்குத்தான் பிரித்துக் கொடுக்கிறது. ஆக அதுவும் ஃபெடரல் பணம்தான், வாசல் மட்டும் சின்னது. பல மாநிலங்களில் மரபுக் கலைக்கு குரு–சீடர் உதவித்தொகை இருக்கிறது. உங்கள் ஊரில் பறையோ சிலம்பமோ சொல்லித்தருகிற ஒருவர் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

கிராண்ட் என்பதைத் தமிழில் மானியம் என்பதா, நல்கை என்பதா?
– வாசகர், டொராண்டோ

நல்கை பல்கலைக்கழகத்தில் புழங்குகிற சொல். மானியம் என்றால் என் அம்மாவுக்கு கேஸ் சிலிண்டர்தான் நினைவுக்கு வருகிறது. நான் கிராண்ட் என்றே எழுதுகிறேன். அதற்காக இது நமக்குப் புதிய சமாச்சாரம் என்றில்லை. கோயில் சுவரில் சோழர் கல்வெட்டைப் பாருங்கள்: ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 96 ஆடு, சாவா மூவாப் பேராடு, எண்ணிக்கை குறையவே கூடாத ஆடு. வாங்கிக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எதற்கு, எந்த அளவையால் அளப்பது, எல்லாம் கல்லில் இருக்கிறது. கிராண்ட் கொடுத்ததாக அரசு அனுப்புகிற எங்கள் அவார்டு கடிதமும் இதைத்தான் சொல்கிறது. கால வரையறையில்தான் வித்தியாசம். அங்கே சந்திராதித்தவல், சந்திரனும் சூரியனும் உள்ளவரை; எங்களுக்கு ஐந்து வருடம்.

கணக்காளருக்கான சிபிஏ முடித்துவிட்டு ஹெட் ஸ்டார்ட் நடத்தும் ஓர் அமைப்பில் சேர்ந்திருக்கிறேன். அமைப்பு தன் பங்காகப் போட வேண்டிய "20 சதவீத மேட்ச்" என்று ஒன்று சொல்கிறார்கள். காசாகத்தான் போட வேண்டுமா? எங்களிடம் அவ்வளவு காசு கிடையாது.
– வாசகர், நியூஜெர்சி

சிபிஏ என்கிறீர்கள், அதனால் முதலில் ஒரு கணக்கு. ஃபெடரல் பணம் 20 லட்சம் டாலர். உங்கள் 20 சதவீதம் எவ்வளவு?

4 லட்சம் என்று சொல்லியிருந்தால் நானும் நீங்களும் ஒரே ஜாதி. 2012-இல் நான் போட்ட முதல் பட்ஜெட்டில் அப்படித்தான் எழுதினேன். 20 சதவீதம் என்பது ஃபெடரல் பணத்தில் இல்லை, மொத்தச் செலவில். 20 லட்சம் என்பது மொத்தத்தில் 80 சதவீதம் என்றால் மொத்தம் 25 லட்சம். உங்கள் பங்கு 5 லட்சம். ஒரு லட்சம் டாலர் குறைத்துப் போட்ட பட்ஜெட்டோடு நான் மேலாளர் அறைக்குப் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கால்குலேட்டரை என் பக்கம் தள்ளி, "20-ஐ 0.8-ஆல் வகு" என்றார். இன்றைக்கும் மேட்ச் என்ற சொல்லைப் பார்த்தால் என் விரல் 0.8-ஐத் தேடுகிறது. திட்டத்துக்குத் திட்டம் கணக்கு மாறும், எதனுடைய சதவீதம் என்று நோஃபோவில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

காசாகத்தான் போட வேண்டும் என்றில்லை. தேவாலயம் இலவசமாகத் தந்த வகுப்பறையின் நியாயமான வாடகை, கடைக்காரர் கொடுத்த புத்தகங்கள், பெற்றோரின் நேரம் எல்லாம் சேரும். ஆனால் வேறொரு ஃபெடரல் கிராண்ட்டின் பணத்தை இதற்கு மேட்ச்சாகக் காட்ட முடியாது.

பெற்றோரின் நேரத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். எங்கள் ஊரில் ஒரு பல் மருத்துவர், அவர் மகன் எங்கள் வகுப்பில் இருந்தான், வெள்ளிக்கிழமைதோறும் வந்து பிள்ளைகளுக்குக் கதை படிப்பார். புதிதாக வந்த ஓர் உதவியாளர் அந்த நேரத்தை மருத்துவர் கட்டணத்தில் கணக்குப் போட்டிருந்தார். ஒரு வருடக் கதைக்கு ஒரு கார் வாங்குகிற தொகை வந்தது! கதை படித்தால் வகுப்பு உதவியாளருக்கு நாம் கொடுக்கிற மணிக்கூலிதான். அதே மருத்துவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைகளின் பல்லைப் பார்த்தால் அப்போது மருத்துவர் கட்டணம். ஆள் யார் என்பது கணக்கில்லை, செய்த வேலை என்ன என்பதுதான் கணக்கு.

கையெழுத்துத் தாளை மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து நிரப்ப விடாதீர்கள். கதவுக்குப் பக்கத்தில் கயிறு கட்டிய பேனாவோடு ஒரு அட்டை. வந்த நேரம், போன நேரம், செய்தது என்ன, கையெழுத்து. நாங்கள் ஆறு வகுப்பறையில் ஆறு அட்டை மாட்டினோம். ஆடிட்டர் வந்தபோது அதில் ஒன்றில் ஜூஸ் கொட்டிய கறை இருந்தது. அழகாகத் தட்டச்சு செய்து, எல்லாருக்கும் ஒரே மையில் கையெழுத்து வாங்கிய தாளைக் காட்டியிருந்தால் அவர் நான்கு கேள்வி கேட்டிருப்பார். ஜூஸ் கறை அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேள்வியே கேட்காமல் வைத்தார்.

சம்பளத்துக்கும் அதே விதி. ஒருவர் இரண்டு கிராண்ட்டில் வேலை செய்தால், பட்ஜெட்டில் பாதி-பாதி என்று எழுதியிருப்பது மட்டும் ஆதாரமாகாது. உண்மையில் எந்த வேலையில் எவ்வளவு நேரம் போனது என்ற பதிவு வேண்டும். 26 சம்பளத் தாளிலும் 50–50 என்று இருந்தால், வருடம் முழுக்க ஒரு மணி நேரம்கூட மாறாத மனிதரைப் பார்க்க ஆடிட்டர் ஆசைப்படுவார்.

இண்டைரக்ட் காஸ்ட் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எதில் 15?
– வாசகி, அட்லாண்டா

எதில் என்று கேட்டீர்களே, அதற்கே உங்களுக்கு வேலை கொடுக்கலாம். ஃபெடரல் கிராண்ட்டுக்கெல்லாம் பொதுவான சட்டப் புத்தகம் 2 சிஎஃப்ஆர் 200. 2024-இல் திருத்தி, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசோடு தனி விகிதம் பேசி முடிக்காத அமைப்புக்கு அதுவரை 10 சதவீதம், இப்போது 15 வரை. வாடகை, கணக்காளர், மின்சாரம் என்று எந்தத் திட்டத்தின் தலையிலும் நேராகக் கட்ட முடியாத செலவுக்கு அது.

மொத்த பட்ஜெட்டில் 15 இல்லை. திருத்தப்பட்ட மொத்த நேரடிச் செலவு என்று ஓர் அடித்தளம் உண்டு. சம்பளமும் படிகளும் 1,80,000 டாலர், பொருட்கள் 20,000, ஒரு வேன் 30,000, இன்னோர் அமைப்புக்குத் துணைக் கிராண்ட் 90,000 என்று வையுங்கள். வேன் உபகரணம், அது சேராது. துணைக் கிராண்ட்டில் முதல் 50,000 மட்டும் சேரும். ஆக அடித்தளம் 2,50,000, அதில் 15 சதவீதம் 37,500. பழைய விதியில் துணைக் கிராண்ட்டில் முதல் 25,000 தான், விகிதமும் 10. 22,500 டாலர்தான் வந்திருக்கும். இந்த 15,000 டாலர் வித்தியாசத்தில் ஒரு பகுதிநேரக் கணக்காளர் கிடைப்பார். பழைய எக்ஸெல் தாளையே நகல் எடுத்து இன்னும் 10 போட்டுக்கொண்டிருக்கும் அமைப்புகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதே திருத்தத்தில் உபகரணம் என்பதற்கான எல்லை 5,000-இலிருந்து 10,000 டாலராயிற்று. எனவே 8,000 டாலர் ஃபிரிட்ஜ் இப்போது பொருட்கள் கணக்கில் அடித்தளத்துக்குள் வரும். ஒன்றை மறக்க வேண்டாம்: சில திட்டங்களுக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறது. கல்வித் துறையின் பயிற்சிக் கிராண்ட்டுகளில் அது 8 சதவீதம்.

விண்ணப்பம் எழுதிக் கொடு, கிராண்ட் கிடைத்தால் தொகையில் 5 சதவீதம் தருகிறேன், கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை என்கிறார் ஒரு நண்பர். நல்ல பேரமாகத் தெரிகிறதே?
– வாசகர், சிகாகோ

இல்லை. கிராண்ட் புரொஃபஷனல்ஸ் அசோசியேஷனின் நெறிமுறையே சதவீதக் கூலியைத் தடுக்கிறது. கிராண்ட் பணம் திட்டத்துக்கு என்று வருகிறது, அது வரும் முன்பே முடிந்துபோன உங்கள் வேலைக்கு அதிலிருந்து வெட்டிக் கொடுப்பது எந்த பட்ஜெட் வரியிலும் நிற்காது. மணிக்கு இவ்வளவு அல்லது விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். நட்பு முறிந்தால் முறியட்டும்.

ஷுகர்லேண்டில் எங்களோடு இருக்கும் அப்பாவுக்கு ஃபோன் வந்தது. வரி ஒழுங்காகக் கட்டியதற்கு அரசு 9,000 டாலர் கிராண்ட் தருகிறதாம், 250 டாலர் முன்பணம் கட்ட வேண்டுமாம்.
– வாசகி, டெக்சாஸ்

மோசடி. அப்பாவிடம் ஃபோனை வைக்கச் சொல்லுங்கள். ஃபெடரல் அரசு யாருக்கும் ஃபோன் போட்டு கிராண்ட் தராது, கிராண்ட் தர முன்பணமும் கேட்காது. வங்கி எண்ணை ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போங்கள், இந்தப் பத்தியை மீதி அப்புறம் படிக்கலாம்.

கடைசி நாள் இரவில் விண்ணப்பம் அனுப்புவது அவ்வளவு தப்பா? எங்கள் இயக்குநர் எப்போதும் அப்படித்தான்.
– வாசகி, ராலே

எங்களுக்கு ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு முக்கிய ஊழியர்களின் பயோடேட்டாவை இணைக்க வேண்டும். இரண்டு பேரும் அனுப்பிய கோப்பின் பெயர் "ரெஸ்யூம்". அப்படியே இரண்டையும் ஏற்றினோம். இரவு 10:40-க்கு கிராண்ட்ஸ் டாட் கவ் தளத்திலிருந்து "பெற்றுக்கொண்டோம்" என்று மின்னஞ்சல். கேக் வெட்டாத குறைதான். மறுநாள் காலை இரண்டாவது மின்னஞ்சல்: பிழைகளால் நிராகரிக்கப்பட்டது. ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் தளம் ஏற்காது. கடைசி நேரம் முந்தின இரவே தாண்டியிருந்தது. நான்கு மாத வேலை.

பெற்றுக்கொண்டோம் என்பது கூரியர்காரர் கையெழுத்து மாதிரி, அவ்வளவுதான். அதன்பின் சரிபார்ப்பு நடக்கும், அதற்கு இரண்டு வேலைநாள் வரை ஆகலாம். "சரிபார்க்கப்பட்டது" என்ற செய்தி வரும்வரை மூச்சு விடாதீர்கள். இப்போது நான் இயக்குநர்களிடம் கடைசித் தேதியை மூன்று நாள் முன்தள்ளிப் பொய் சொல்கிறேன். உங்களுக்கும் அதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

2025-இல் நடந்ததைப் பார்த்தபின் இந்தத் தொழிலுக்கு யாராவது வருவார்களா? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.
– வாசகர், மேரிலாந்து

2025 ஜனவரி 27 அன்று, கிராண்ட் பணத்தை எல்லாம் நிறுத்தி வைக்கச் சொல்லி வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் குறிப்பு அனுப்பியது. மறுநாள் நீதிமன்றம் தற்காலிகமாகத் தடுத்தது, 29-ஆம் தேதி குறிப்பையே திரும்பப் பெற்றார்கள். மூன்று நாள் கதைதான். ஆனால் வெள்ளிக்கிழமை சம்பளம் போட வேண்டியவளுக்கு அந்த மூன்று நாள் எப்படி இருந்திருக்கும்! பணம் எடுக்கும் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக அன்றைக்கு நான் எத்தனை காபி குடித்தேன் என்று கணக்கில்லை. அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அரசாங்கமே மூடிக் கிடந்தது. இடையில் பல கிராண்ட்டுகள் பாதியில் நிறுத்தப்பட்டன.

அதிலிருந்து என் பழக்கத்தில் இரண்டு மாறின. ஒன்று, அவார்டு கடிதத்தில் தொகையைப் பார்க்கும் முன் நிறுத்தும் விதியைப் பார்க்கிறேன். 2 சிஎஃப்ஆர் 200.340 அது. கிராண்ட் இனித் துறையின் முன்னுரிமைக்கு உதவவில்லை என்றால் விதிமுறைக்கு உட்பட்டு நிறுத்தலாம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. பல வருடம் நான் அதைப் படிக்காமல் பக்கம் புரட்டியிருக்கிறேன். இரண்டு, செலவுக் கணக்கை மாதக் கடைசிக்கு விடுவதில்லை. நிறுத்தக் கடிதம் வருகிற நாளில், அதற்கு முன்பே முறையாக ஒப்பந்தமாகி ரத்து செய்ய முடியாத செலவுகள் எவை என்று தேதியோடு காட்ட முடிந்தவர்களுக்குத்தான் அந்தப் பணத்தைக் கேட்க வழி உண்டு.

தொழிலுக்கு வரலாமா என்றால், வரலாம், ஃபெடரலை மட்டும் நம்பி வர வேண்டாம். மாநிலம், நகராட்சி, அறக்கட்டளை மூன்றும் தெரிந்த ஆளாக வாருங்கள். முழுக்க ஒரே ஃபெடரல் கிராண்ட்டில் சம்பளம் வாங்கிய என் சிநேகிதிகள் இருவர் இப்போது வேறு வேலையில் இருக்கிறார்கள்.

ஜிபிசி படிக்கவா, சிஜிஎம்எஸ் படிக்கவா?
– வாசகி, ஃப்ரிமாண்ட்

இரண்டும் கிராண்ட் தொழிலுக்கான சான்றிதழ்கள். எழுதுகிற பக்கம் போவதென்றால் ஜிபிசி, கிடைத்த பிறகு நிர்வகிக்கிற பக்கம் என்றால் சிஜிஎம்எஸ். இரண்டுக்கும் அனுபவம் கேட்பார்கள், அதனால் முதல் வருடத்தில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

திட்டம் முடிந்துவிட்டது. அலுவலகத்தில் 22 அட்டைப் பெட்டி நிறையத் தாள்கள். எப்போது தூக்கிப் போடலாம்?
– வாசகர், கொலம்பஸ்

நம்ம ஊர்க்காரர்! கடைசி நிதி அறிக்கையை அனுப்பிய தேதியிலிருந்து மூன்று வருடம். திட்டம் முடிந்த தேதியிலிருந்து என்று எண்ணிவிடாதீர்கள், முடிந்தபின் அறிக்கை அனுப்பவே 120 நாள் அவகாசம் உண்டு, அதைச் சேர்த்துப் பாருங்கள். ஸ்கேன் செய்து வைத்தாலும் ஏற்பார்கள். வருடத்தில் 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ ஃபெடரல் பணம் செலவழித்திருந்தால், அதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிற தணிக்கையான சிங்கிள் ஆடிட்டும் வரும். முன்பு அந்த எல்லை 7,50,000. உங்களுக்கு நேராக வந்த பணம் மட்டுமில்லை, மாநிலம் வழியாக வந்த ஃபெடரல் பணமும் இதில் சேரும்.

ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் அறிக்கை அனுப்பிய தேதியை மார்க்கரில் எழுதுங்கள். தூக்கிப் போடும் தேதியைப் பென்சிலில் எழுதுங்கள். இடையில் ஆடிட்டோ வழக்கோ தொடங்கினால் அது முடியும்வரை பெட்டி நகரக் கூடாது. மேலே தெரியட்டும் என்று மூடி மேல் எழுதாதீர்கள், அடுத்த பெட்டியை அதன் மேல்தான் வைப்பார்கள்.